அறிதல் வேறு, மாறுதல் வேறு

இலக்கிய நண்பர்கள் கூடிப் பேசும்போது அண்மைக்காலமாக அடிக்கடி எழுகிற கேள்வி ஒன்று உண்டு. நல்ல வாசகனுக்கு உளச்சிகிச்சை எதற்கு? தல்ஸ்தோயையும் தஸ்தயேவ்ஸ்கியையும் வாசித்தவன் மனித மனத்தின் இருண்ட மூலைகளையெல்லாம் முன்னரே பார்த்துவிட்டவன். அவன் எதிரே குறிப்பேட்டுடன் அமர்ந்திருக்கும் ஓர் ஆலோசகர் அவனுக்குத் தெரியாத எதைச் சொல்லிவிடப் போகிறார்? இந்தக் கேள்வியில் கொஞ்சம் ஏளனமும் அதைவிடக் கூடுதலாகப் பெருமிதமும் கலந்திருக்கின்றன. ஆயினும் அது ஒரு பிழையான ஊகத்தின்மேல் நிற்கிறது என்றே எனக்குப் படுகிறது. தன்னை அறிந்தவன் தன்னை மாற்றிக்கொள்வான் என்பதே அந்த ஊகம். அதை மறுக்க வெகுதூரம் போகவேண்டியதில்லை. தஸ்தயேவ்ஸ்கியின் வாழ்க்கையே போதும்.

1866ஆம் ஆண்டு அக்டோபரில் அவர் பெரும் நெருக்கடியில் இருந்தார். நவம்பர் 1ஆம் தேதிக்குள் ஒரு புதிய நாவலைக் கொடுத்தாக வேண்டும். தவறினால் அடுத்த 9 ஆண்டுகளுக்கு அவருடைய எழுத்துகளை ஊதியமின்றி வெளியிடும் உரிமை ஸ்டெல்லோவ்ஸ்கி என்ற பதிப்பாளருக்குப் போய்விடும். அப்படி ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தார். அன்னா என்ற 20 வயதுச் சுருக்கெழுத்தாளரை அமர்த்திக்கொண்டு 26 நாட்களில் நாவலைச் சொல்லி முடித்தார். அதுதான் 'சூதாடி'. 1863 முதல் ஜெர்மானிய நகரங்களின் ரூலட் மேசைகளில் தான் பட்டதையெல்லாம் அதில் இறக்கிவைத்தார். தோற்றவனைப் பிடித்தாட்டும் 'இன்னும் ஒரே ஒரு முறை' என்ற வெறி, வென்றவனுக்கு வரும் தலைகிறுக்கம், தன்னைத்தானே இகழ்ந்துகொண்டே மேசையை நோக்கி நடக்கும் கால்கள் ஆகிய அனைத்தும் அதில் உள்ளன. சூதாடியின் உள்ளம் இதைவிடத் துல்லியமாக எழுதப்பட்டதில்லை என்று சொன்னால் மறுப்பவர் குறைவாகவே இருப்பர்.

அதன் பிறகு என்ன நடந்தது? 1867 பிப்ரவரியில் அந்த அன்னாவையே மணந்தார். ஏப்ரலில் இருவரும் வெளிநாடு சென்றனர். அவ்வாண்டுக் கோடையில் பாடன்-பாடன் நகரில் தங்கியிருந்தபோது மனைவியின் காதணிகள், ஆடைகள், இருவரின் திருமண மோதிரங்கள் என ஒவ்வொன்றாக அடகுக்குப் போயின. வென்றபோது சிலவற்றை மீட்டார், மீண்டும் தோற்றார். மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். மறுநாள் மீண்டும் போனார். 1871 ஏப்ரலில் வீஸ்பாடன் நகரில் ஆடியதுதான் கடைசி ஆட்டம். அதாவது, சூதாடியின் மனத்தை அணு அணுவாகப் பிரித்துக் காட்டிய பிறகும் நாலரை ஆண்டுகள் அவர் சூதாடிக்கொண்டிருந்தார். அறிவினால் மாற்றம் வருமென்றால் 'சூதாடி'யின் கடைசி வரியைச் சொல்லி முடித்த அன்றே அவர் விடுதலை பெற்றிருக்க வேண்டும்.

நம் மரபிலும் இதற்குச் சான்று உண்டு. பாரதக் கதையில் அறத்தின் நுட்பங்களையெல்லாம் அறிந்தவன் தருமன். நாடு, தம்பியர், தான், மனைவி என எல்லாவற்றையும் தோற்று, எப்படியோ மீண்டபின், மறுசூதுக்கு அழைப்பு வந்ததும் அதே தருமன் திரும்பிப் போய் அமர்கிறான். முதல் சூதைவிட அந்த மறுசூதே என்னை அதிகம் அச்சுறுத்துகிறது. முதலாவதற்கு அறியாமையைக் காரணம் காட்டலாம். இரண்டாவதற்கு எதைக் காட்டுவது?

நீதி சொல்வதில் நம்மை மிஞ்சியவர் இல்லை. பதினெண்கீழ்க்கணக்கில் 11 நூல்கள் அறநூல்கள். திருக்குறளில் சூதுக்கு ஓர் அதிகாரம், கள்ளுக்கு ஓர் அதிகாரம், வெகுளிக்கு ஓர் அதிகாரம். அவற்றை மனப்பாடம் செய்து மதிப்பெண் பெற்ற தலைமுறைகள் சூதையும் கள்ளையும் வெகுளியையும் கைவிட்டுவிடவில்லை. இது வள்ளுவரின் குறையன்று. அறநூல் செல்லவேண்டிய திசையைக் காட்டும். கால் ஏன் அந்தத் திசையில் நகர மறுக்கிறது என்பது வேறு கேள்வி. அதை நாம் பெரும்பாலும் கேட்பதேயில்லை. மன உறுதி போதாது என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம்.

மன உறுதியின்மை என்பது விளக்கமே ஆகாது. நடந்ததையே வேறு சொல்லால் திரும்பச் சொல்வது அது. உண்மையில் நாம் விடமுடியாமல் தவிக்கும் ஒவ்வொரு பழக்கமும் நமக்கு ஏதோ ஒரு கூலியைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. சூதின் கூலி எத்தகையது என்பதை அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னரின் ஆய்வுகள் விளக்கின. ஒவ்வொரு முறையும் தவறாமல் கிடைக்கும் பரிசைவிட, எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசே ஒரு செயலை அழியாமல் நிலைநிறுத்துகிறது. தஸ்தயேவ்ஸ்கிக்கு அதற்கு மேலும் ஒரு கூலி கிடைத்திருக்கலாம். எல்லாவற்றையும் தோற்று வெறுங்கையோடு வந்த நாட்களுக்குப் பின்தான் அவர் எழுத்து நன்றாக ஓடியது என்பதை அன்னா கவனித்திருந்தார். ஃப்ராய்ட் 1928இல் தஸ்தயேவ்ஸ்கியைப் பற்றி எழுதிய கட்டுரையில் இதைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சூதாட்டம் தன்னைத்தானே தண்டித்துக்கொள்ளும் வழி. தண்டனை முடிந்ததும் குற்றவுணர்வு தணிந்து எழுத்துக்கு வழி திறந்தது என்பது அவருடைய வாதம். அக்கட்டுரையின் பல முடிவுகளைப் பின்வந்தோர் கடுமையாக மறுத்துள்ளனர். எனக்கும் அவற்றில் முழு உடன்பாடு இல்லை. ஆனால் அழிவைத் தரும் பழக்கம்கூட அம்மனிதனுக்கு ஏதோ ஒரு பணியைச் செய்துகொடுக்கிறது என்ற பார்வை மட்டும் தள்ளத்தக்கதன்று.

சூது போன்ற பெரிய நாடகங்களில் மட்டும் இது நிகழ்வதாக எண்ணவேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் என் முதுகலை வகுப்பில் ஒரு மாணவர் இருந்தார். எழுத்துத் தேர்வில் முதன்மை மதிப்பெண். செமினார் என்றால் மட்டும் அன்று விடுப்பு. காய்ச்சல், உறவினர் வீட்டுத் துக்கம் என ஏதாவதொரு காரணம். இறுதிப் பருவத்தில் செமினார் மதிப்பெண் இல்லாமல் படிப்பையே விட்டுவிடும் நிலைக்கு வந்தார். ஆறாம் வகுப்பில் பாடத்தை உரக்க வாசித்தபோது அவருடைய ஊர்ப்பேச்சை ஆசிரியர் கேலி செய்திருக்கிறார், வகுப்பே சிரித்திருக்கிறது. அன்றிலிருந்து வாய் திறக்காமல் இருப்பதே பாதுகாப்பு என்று அந்தச் சிறுவன் முடிவு செய்துவிட்டான். இதை நான் கண்டுபிடிக்கவில்லை. அவரே மிகத் தெளிவாக என்னிடம் சொன்னார். நோயின் வேரையே அறிந்திருந்தார். ஆனால் அந்த அறிவு அவரை மேடைப்பக்கம் ஓரடிகூட நகர்த்தவில்லை.

காரணம் எளிது. ஒவ்வொரு முறை விடுப்பு எடுத்தபோதும் அவருக்கு உடனடியாக ஒரு நிம்மதி கிடைத்தது. அந்த நிம்மதியே அடுத்த விடுப்புக்கு விதை. மேடை ஏறினால் உண்மையில் என்ன நடக்கும் என்று பார்க்கும் வாய்ப்பும் அதனாலேயே அவருக்குக் கிடைக்காமல் போயிற்று. பதினொரு வயதில் மௌனம் அவருக்குக் குடையாக இருந்தது. இருபத்திரண்டு வயதில் அதுவே சிறையாயிற்று. நம் குறைகளில் பெரும்பகுதி இத்தகையவையே. ஒரு காலத்தில் நம்மைக் காப்பாற்றியவை அவை. அவற்றைக் கைவிடும்போது நம்மைக் காத்த ஒன்றையே கைவிடுகிறோம் என்று உள்ளம் பதறுகிறது. அந்தப் பதற்றத்தைச் சோம்பல் என்று பெயரிட்டுத் திட்டுவதால் பயனில்லை.

இத்துடன் இன்னும் இரண்டு தடைகளைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒன்று, நம்மைச் சுற்றியிருப்போர். ஒரு குடும்பத்தில் ஒருவர் எப்போதும் விட்டுக்கொடுப்பவராகவும் மற்றொருவர் எப்போதும் கோபப்படுபவராகவும் இருந்து பழகிவிட்டால் அந்த வீடே அதற்கேற்ப அமைந்துவிடுகிறது. விட்டுக்கொடுப்பவர் ஒருநாள் மறுத்தால் அவரை மாற்றிய புண்ணியவான் யார் என்று வீடு தேடத் தொடங்கும். மற்றொன்று, வழுக்கி விழுந்தபின் வரும் வெட்கம். குடிநோயாளிகளை ஆராய்ந்த ஆலன் மார்லட் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். ஆறுமாதம் குடியாதிருந்தவன் ஒரு கோப்பை குடித்துவிட்டால் அவனை வீழ்த்துவது அந்தக் கோப்பை மட்டுமன்று. 'எல்லாம் போயிற்று, நான் இவ்வளவுதான்' என்ற எண்ணமே அவனை முழுப் பழக்கத்துக்கும் திருப்பி இழுத்துச் செல்கிறது. திட்டும் உறவினர்கள் அந்த எண்ணத்துக்குத்தான் எண்ணெய் ஊற்றுகிறார்கள்.

புத்தகக் காட்சிகளில் குவிந்து கிடக்கும் சுயமுன்னேற்ற நூல்கள் இவை எதையும் பேசுவதில்லை. 21 நாட்களில் எந்தப் பழக்கத்தையும் மாற்றலாம் என்பது அவற்றின் நிரந்தர மந்திரம். மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற ஒப்பனை அறுவை மருத்துவர், தம் நோயாளிகள் புதிய முகத்துக்குப் பழகக் குறைந்தது ஏறத்தாழ 21 நாட்கள் ஆவதாக 1960இல் எழுதினார். அந்தக் 'குறைந்தது' உதிர்ந்துபோய் எண் மட்டும் உலகமெங்கும் பரவிவிட்டது. 2010இல் லண்டனில் ஃபிலிப்பா லாலியும் பிறரும் 96 பேரிடம் நடத்திய ஆய்வில், தினமும் ஒரு பழம் உண்பது போன்ற எளிய செயல்கள் தானாக நிகழும் பழக்கமாவதற்கே 18 நாட்கள் முதல் 254 நாட்கள் வரை ஆகும் என்று கணக்கிடப்பட்டது. பழம் உண்பதற்கே இப்படியென்றால், பதினொரு ஆண்டு மௌனத்துக்கு எவ்வளவு?

இனி உளச்சிகிச்சைக்கு வருவோம். நம்மில் பலர் அதை அறிவுரையின் நாகரிக வடிவம் என்றே எண்ணிக்கொண்டிருக்கிறோம். கல்லூரிகளில் 'கவுன்சலிங் கொடுத்தேன்' என்று சொல்பவர்கள் பெரும்பாலும் மாணவனை உட்கார வைத்து அரைமணி நேரம் புத்தி சொன்னவர்களே. ஆனால் அத்துறையின் நூற்றாண்டு வரலாறே அறிவுரையின் தோல்வியிலிருந்து கற்றுக்கொண்ட வரலாறு எனலாம். நோயாளிக்குத் தெரியாததை எடுத்துச் சொல்லிவிட்டால் குணமாவான் என்ற நம்பிக்கையை ஃப்ராய்டே கைவிட்டார். பஞ்சத்தில் பசித்துக் கிடப்பவர்களுக்கு உணவுப் பட்டியலை அச்சிட்டுக் கொடுப்பதற்கு அதை ஒப்பிட்டார். 1914இல் எழுதிய கட்டுரையில், மனிதன் தன் பழைய துயரத்தை நினைவுகூர்வதற்குப் பதிலாகச் செயலில் திரும்பத் திரும்ப நிகழ்த்துகிறான் என்றும், அதன் ஊடாகப் பொறுமையாக உழைத்துக் கடக்க அவனுக்குக் காலம் தரவேண்டும் என்றும் விளக்கினார்.

பின்வந்தவர்கள் ஃப்ராய்டின் பல கொள்கைகளை உதறினார்கள். ஆனால் இந்த இடத்திலிருந்து பின்வாங்கவில்லை. கார்ல் ரோஜர்ஸ் 1957இல், தீர்ப்பளிக்காமல் ஏற்றுக்கொள்ளுதல், பிறர் உணர்வை உள்ளிருந்து புரிந்துகொள்ளுதல், பாசாங்கின்மை ஆகியவற்றையே மாற்றத்தின் அடிப்படை நிபந்தனைகளாக முன்வைத்தார். 1983இல் வில்லியம் மில்லர் குடிநோயாளிகளிடம் பேசும் முறை பற்றி எழுதியது இன்னும் நுட்பமானது. குடிப்பவனுக்குள் விட வேண்டும் என்ற குரலும் விட முடியாது என்ற குரலும் ஏற்கெனவே வழக்காடிக்கொண்டிருக்கின்றன. நாம் போய் முதல் குரலின் பக்கம் வாதாடினால் அவன் இயல்பாகவே இரண்டாவது குரலின் வழக்கறிஞர் ஆகிவிடுகிறான். ஆகவே மாற்றத்துக்கான வாதத்தை அவன் வாயாலேயே சொல்லவைக்கும்படி கேள்வி கேட்பதே ஆலோசகரின் திறமை. நம் வீடுகளில் நடக்கும் குடிச்சண்டைகளை ஒருமுறை நினைத்துப் பார்த்தால் இதன் உண்மை விளங்கும்.

அந்த மாணவர் மாவட்ட அரசு மருத்துவமனையில் இருந்த உளவியலாளரிடம் போனார். அந்த அம்மையார் முதல் இரண்டு சந்திப்புகளில் கேட்டுக்கொண்டு மட்டுமே இருந்தாராம். பிறகு அச்சங்களை ஏணிப்படிகள்போல ஒரு தாளில் எழுதச் சொல்லியிருக்கிறார். கடைசிப் படியில் செமினார். முதல் படியில், பேருந்தில் நடத்துநரிடம் ஓர் ஊருக்கு வழி கேட்பது. இடையே கடையில் வாங்கிய பொருளை மாற்றித் தரச் சொல்வது, அறைத்தோழனுக்கு ஒரு பக்கம் வாசித்துக் காட்டுவது, நூலகத்தில் மூன்று பேருக்கு வாசிப்பது. ஒவ்வொரு படிக்கும் முன்னால் என்ன நடக்கும் என்று பயப்படுகிறார் என்பதையும், பின்னால் உண்மையில் என்ன நடந்தது என்பதையும் குறித்துவர வேண்டும். வயிறு கலங்கினால் ஓடிவிடாமல் அது தானாகத் தணியும்வரை அங்கேயே நிற்கவேண்டும். இவ்வளவுதான். ஐந்தாவது மாதம் அவர் செமினார் வாசித்தார். கையிலிருந்த தாள் நடுங்கியது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. வாசித்து முடித்தார். அவர் பெரும் பேச்சாளர் ஆகிவிடவில்லை. இன்றும் மேடைக்கு முன் வயிறு கலங்கும் என்கிறார். விடுப்பு மட்டும் எடுப்பதில்லை.

இங்கே நடந்ததைக் கவனிக்கவேண்டும். புதிய செய்தி எதுவும் அவருக்குத் தரப்படவில்லை. இன்னொரு மனிதரின் துணையோடு, தாங்கக்கூடிய அளவில், பழைய அச்சத்துக்கு எதிரான அனுபவம் சிறுகச் சிறுகச் சேர்க்கப்பட்டது. தனியாக அவரால் முதல் படியை ஐந்தாவது படியிலிருந்து பிரித்துப் பார்க்கவே முடியவில்லை.

தஸ்தயேவ்ஸ்கிக்கும் ஒரு துணை இருந்தது. அன்னா தம் நினைவுக்குறிப்புகளில், கணவரின் சூதாட்டத்தை வெறும் மனவலிமைக் குறைவாகக் கருத முடியாது, அது நோய் போன்றது என்று தாம் புரிந்துகொண்டதைப் பதிவு செய்திருக்கிறார். பணம் போனதற்காக அவர் கணவரைக் குத்திக்காட்டவில்லை. 1871இல் எழுத்து ஓடாமல் சோர்ந்திருந்தவரிடம் தாமே பணம் கொடுத்து வீஸ்பாடனுக்கு அனுப்பினார். அந்த ஆட்டத்தில் தோற்றபின் தஸ்தயேவ்ஸ்கி எழுதிய கடிதத்தில், பத்தாண்டுகளாகத் தன்னை வதைத்த மாயை அகன்றுவிட்டது என்று அறிவித்தார். முன்பும் அப்படிப் பலமுறை சொன்னவர்தான். இம்முறை, 1881இல் இறக்கும்வரை, அச்சொல் நிலைத்தது. அன்னா அவரைக் குணப்படுத்தினார் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு வாழ்க்கையை அப்படிக் கணக்குப்போட முடியாது. வெட்கத்தை மேலும் கூட்டாத ஒருவர் நாலாண்டுகள் அருகில் இருந்தார் என்று மட்டும் சொல்வேன். அதற்காக அந்தப் பெண் கொடுத்த விலை மிகப் பெரிது. ஊதியம் பெற்று, வரையறுத்த நேரத்தில் இந்தப் பணியைச் செய்ய ஒரு தொழில் உருவாகியிருப்பது, மனைவியரின்மேல் மட்டுமே இச்சுமை விழாமலிருக்க உதவும் என்பதையும் நாம் கணக்கில் கொள்ளவேண்டும்.

உளச்சிகிச்சை உண்மையிலேயே பயன்தருகிறதா என்ற ஐயம் நியாயமானது. 1952இல் ஹான்ஸ் ஐசெங்க், சிகிச்சை பெற்றோரும் பெறாதோரும் ஏறத்தாழ ஒரேயளவில்தான் தேறுகிறார்கள் என்று எழுதி அத்துறையையே உலுக்கினார். கால் நூற்றாண்டுக்குப் பின், 1977இல், ஸ்மித்தும் கிளாஸும் 375 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, சிகிச்சை பெற்ற சராசரி மனிதர் சிகிச்சை பெறாதவர்களில் 75 விழுக்காட்டினரைவிட நல்ல நிலையில் இருக்கிறார் என்ற முடிவுக்கு வந்தார்கள். அற்புதம் எதுவும் இல்லை. பயன் பெறாதோரும் உண்டு. மோசமான ஆலோசகரால் பாதிக்கப்பட்டோரும் உண்டு. கடுமையான நோய்களுக்கு மருந்தும் தேவை.

நமக்குத்தான் குடும்பம் இருக்கிறதே, கோயில் இருக்கிறதே என்பது அடுத்த மறுப்பு. குடும்பம் அன்பைத் தரும். ஆனால் நம் மாற்றத்தில் அதற்கு ஒரு பங்கும் பயமும் இருப்பதால் நடுநிலையாகக் கேட்க அதனால் இயல்வதில்லை. அகத்திணை மரபில் தலைவி தன் உள்ளத்தைத் தாயிடம் திறப்பதில்லை, தோழியிடமே திறக்கிறாள். தாய்க்கு அன்பு குறைவு என்பதனாலா? தொல்காப்பியத்திலேயே உளச்சிகிச்சை இருக்கிறது என்று சொல்ல நான் வரவில்லை. அத்தகைய பெருமைகளுக்கு நம்மிடம் ஏற்கெனவே பஞ்சமில்லை. சொல்ல முடியாததைச் சொல்லக் குடும்பத்துக்கு வெளியே ஒரு செவி வேண்டும் என்பது நமக்கு அந்நியமான கருத்தன்று என்பதே நான் சொல்வது.

வலுவான மறுப்பு வேறொன்று. வறுமையும் சாதியும் கடனும் தரும் துன்பத்தை ஒரு தனிமனிதனின் மனக்குறையாக மாற்றிவிடுகிறது இச்சிகிச்சை என்பார்கள். இந்த எச்சரிக்கை தேவையானது. என் மாணவரின் மௌனத்துக்குக் காரணம் அவர் மனம் மட்டுமன்று; ஊர்ப்பேச்சைக் கேலி செய்த வகுப்பறையும்தான். அந்த வகுப்பறையை மாற்றும் கடமை நம்முடையது. ஆனால் அது மாறும்வரை அவர் வாய்மூடிக் காத்திருக்க வேண்டும் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை.

மேலும் இது பணக்காரர்களின் பொழுதுபோக்காக மட்டும் இருக்கவேண்டியதில்லை. ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் டிக்ஸன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் தொடங்கிய திட்டத்தில், பயிற்சி பெற்ற பாட்டிமார் சுகாதார நிலையத்துக்கு வெளியே மரப்பெஞ்சில் அமர்ந்து, வருவோருடன் ஆறு சந்திப்புகளில் பேசுகிறார்கள். 573 பேரிடம் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வு, அவர்களிடம் பேசியோரின் துயர அறிகுறிகள் ஆறு மாதங்களுக்குப் பின் வெகுவாகக் குறைந்திருந்ததைக் காட்டியது. நம் கோவாவில் விக்ரம் பட்டேலும் குழுவினரும் உளவியல் பட்டம் பெறாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சியளித்து, கடுமையான மனச்சோர்வுக்கும் குடிக்கும் இதே வழியில் பயன் கண்டதை 2017இல் வெளியிட்டார்கள். எனினும் 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி இந்தியாவில் மனநலச் சிக்கல் உள்ளோரில், நோய்க்கேற்ப, 70 முதல் 92 விழுக்காட்டினர் வரை சிகிச்சையே பெறவில்லை. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி-மானஸ் சேவையில், 14416 என்ற எண்ணில், தமிழிலும் பேசலாம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

தமிழில் என்பதைத் தமிழாசிரியன் என்பதற்காக அழுத்தவில்லை. ஹராரேயின் பாட்டிமார் 'மனச்சோர்வு' என்ற மருத்துவச் சொல்லைக் கொண்டு தொடங்குவதில்லை. 'அளவுக்கு மீறி யோசித்தல்' என்று பொருள்படும் 'குஃபுங்கிசிசா' என்ற ஷோனா மொழிச் சொல்லையே பயன்படுத்துகிறார்கள். நம்மவரும் 'மனசு சரியில்லை', 'நெஞ்சு அடைக்குது', 'ஒண்ணும் ஓடலை' என்றுதான் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் பயின்ற ஆலோசகருக்கு இச்சொற்களின் எடை தெரிந்திருக்கவேண்டும். இலக்கியம் படித்தவர்கள் ஏளனம் செய்வதை விட்டுவிட்டு இத்துறைக்குச் செய்யக்கூடிய உதவி இங்கேதான் இருக்கிறது.

இலக்கியத்தின் பணியை நான் குறைக்கவில்லை. நம்முடைய துயரம் நமக்கு மட்டும் உரியதன்று என்று அது காட்டுகிறது. பெயரில்லாத உணர்வுக்குப் பெயர் தருகிறது. ஆனால் பாத்திரத்தில் தன்னைக் கண்டுகொண்ட வாசகன் அந்தக் கண்டுபிடிப்பின் இன்பத்திலேயே நின்றுவிடுவதும் உண்டு. தன் கோபத்தைப் பற்றி அழகாகப் பேசத் தெரிந்தவனுடைய வீட்டில் அந்தக் கோபத்துக்கு அஞ்சுகிற பிள்ளைகள் இருக்கலாம். அப்பிள்ளைகளுக்கு அவனுடைய தன்னறிவால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அவன் நூல்களிலிருந்து எழுந்து போய் ஒருவரின் எதிரே அமர்ந்து, முதல் படியை எழுதத் தொடங்கவேண்டும்.